ஒரே சொல், அங்கே வருகை, இங்கே புறப்பாடு: லத்தீன் வழிச் சொல்லின் தடத்தைப் பிடிப்பது எப்படி

ஸ்பானிஷில் 'யெகார்' என்றால் வந்து சேர்வது. ருமேனியனில் 'ப்ளெக்கா' என்றால் கிளம்பிப் போவது. இரண்டும் ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். முதல் தடவை இதைப் படித்தபோது அகராதியில் ஏதோ அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். பிறகு ஒவ்வொரு மொழியாகத் தேடிப் பார்த்து, அது பிழை இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து இந்த வேலை என்னை விடவே இல்லை.

லத்தீனிலிருந்து கிளைத்த மொழிகளைத்தான் ரொமான்ஸ் மொழிகள் என்கிறார்கள்: ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், கட்டலான், பிரெஞ்சு, இத்தாலியன், ருமேனியன், இன்னும் சில. இவற்றில் பொதுவாக இருக்கிற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, பொருள் எப்படி மாறியது என்று நீங்களே கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். லத்தீன் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டும், இணையத்தில் கிடைக்கிற நல்ல அகராதிகளும், கொஞ்சம் பொறுமையும் போதும். மாதிரிக்கு அந்த 'யெகார் – ப்ளெக்கா' சொல்லையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரு சொல்லில் என்னவெல்லாம் நடக்க முடியுமோ அத்தனையும் இதில் நடந்திருக்கிறது.

அதற்கு முன் எழுத்தைப் பற்றி ஒரு சின்ன ஏற்பாடு. தமிழில் 'க' ஒன்றுதான், ஆனால் 'பக்கம்' என்பதில் அழுத்தமாகவும் 'பகல்' என்பதில் மென்மையாகவும் ஒலிக்கிறது. இந்தக் கட்டுரையில் சொல்லின் நடுவே 'க்க' வந்தால் அழுத்தமான ஒலி, தனி 'க' வந்தால் மென்மையான ஒலி என்று வாசியுங்கள். இது வெறும் எழுத்து வசதி இல்லை, கீழே இதுவே ஒரு சாட்சியாக வரப் போகிறது.

சரி, முதல் வேலை சொற்களைச் சேர்ப்பது. இதில் எல்லோரும் செய்கிற தவறு, 'வந்து சேர்' என்ற பொருளை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ஆறு மொழிகளில் விடை வாங்குவது. அப்படிச் செய்தால் பிரெஞ்சில் 'அரிவே', இத்தாலியனில் 'அர்ரிவாரே', ருமேனியனில் 'அஜுஞ்ஜே' என்று சம்பந்தமே இல்லாத வேறு சொற்கள் வந்து நிற்கும். பொருளை வைத்துத் தேடாதீர்கள், பிறப்பை வைத்துத் தேடுங்கள். ஏதாவது ஒரு மொழியின் அகராதியில் சொல்லின் வரலாற்றுப் பகுதியைத் திறந்து லத்தீன் மூலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இணையத்தின் இலவசப் பன்மொழி அகராதியான விக்சனரியில் அந்த லத்தீன் சொல்லின் பக்கத்துக்குப் போனால், அதன் வழிவந்த சொற்கள் மொழிவாரியாக வரிசையாகக் கிடைக்கும். அது தொடக்கத்துக்குத்தான், முடிவுக்கு இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் உரிய அகராதியில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்: ருமேனியனுக்கு டெக்ஸ் ஆன்லைன், பிரெஞ்சுக்கு தெ.எல்.எஃப்.இ., ஸ்பானிஷுக்கு அரச அகாதெமியின் அகராதி, மூன்றும் இலவசம். ஸ்பானிஷில் ஆழமாகப் போக விரும்பினால் நூலகத்தில் கொரோமினாஸின் சொற்பிறப்பு அகராதியைத் தேடுங்கள். 1950களில் நான்கு தொகுதிகளாக வந்து, பிறகு பாஸ்குவாலோடு சேர்ந்து ஆறு தொகுதிகளாக விரிந்தது. ஒரு சொல்லுக்குப் பக்கக்கணக்கில் வாதாடுகிற மனிதர் அவர்.

குறைந்தது ஐந்து மொழிகளாவது வேண்டும், அதில் கட்டாயம் ருமேனியன் இருக்க வேண்டும். மற்ற மொழிகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கிக்கொண்டே இருந்தவை. ருமேனியன் மட்டும் தூரத்தில் தனியாக, ஸ்லாவிய மொழிகள் சூழ வளர்ந்தது. அதனால் அது தரும் சாட்சிக்கு எடை அதிகம். நம் சொல்லுக்கு எனக்குக் கிடைத்த பட்டியல் இது:

ஸ்பானிஷ்: யெகார் – வந்து சேர்
போர்ச்சுகீஸ்: ஷெகார் – வந்து சேர்
கட்டலான்: ப்ளெகா – மடி, வேலையை முடித்துக்கொள்
பிரெஞ்சு: ப்ளியே – மடி; ப்ளுவாயே – வளை
இத்தாலியன்: பியெகாரே – மடி, வளை
ருமேனியன்: ப்ளெக்கா – கிளம்பு; (தலையை) தாழ்த்து

லத்தீன் மூலம் 'ப்ளிக்காரே'. பொருள்: மடிப்பது. அவ்வளவுதான். வருவதும் இல்லை, போவதும் இல்லை.

பட்டியல் கையில் வந்தவுடன் பொருளைப் பற்றி யோசிக்கத் தோன்றும். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முதலில் சலிக்க வேண்டும். ஒரு மொழிக்குள் லத்தீன் சொல் இரண்டு வழிகளில் வந்திருக்கலாம்: அம்மா வாயிலிருந்து பிள்ளை வாய்க்கு என்று இரண்டாயிரம் வருடமாகப் பேச்சிலேயே தேய்ந்து வந்தது ஒன்று, படித்தவர்கள் பிற்காலத்தில் லத்தீன் ஏட்டிலிருந்து நேராக எடுத்துக்கொண்டது இன்னொன்று. தமிழ் வாசகருக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப சுலபம், ஏனென்றால் இலக்கணம், லட்சணம் என்று ஒரே வடசொல் நம்மிடமே இரண்டு உருவத்தில் இருக்கிறது. ஒன்று தமிழ் ஒலிக்கு ஏற்ப மாறியது, மற்றொன்று மூலத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பொருளும் வேறாகிவிட்டது: ஒன்று மொழியின் விதி, மற்றொன்று முகத்தின் அழகு.

ஸ்பானிஷில் இதே கதை. 'யெகார்' பேச்சு வழி வந்தது. 'அப்ளிக்கார்', 'கொம்ப்ளிக்கார்', 'எக்ஸ்ப்ளிக்கார்' எல்லாம் ஏட்டு வழி வந்தவை. எப்படித் தெரியும்? லத்தீன் போலவே இருக்கின்றன, அதனால்தான். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் இந்தத் துறையில் மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்துகிற சொல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், அடையாளமே தெரியாமல் தேய்ந்துபோன சொல்லைத்தான் நம்ப வேண்டும். ஆங்கிலத்துக்கும் இந்தச் சொல் பெரும்பாலும் பிரெஞ்சு வழியாகப் போய், அங்கிருந்து நம் வாய்க்கும் வந்துவிட்டது. அப்ளை, ரிப்ளை, டிஸ்ப்ளே, எம்ப்ளாயி எல்லாமே 'ப்ளிக்காரே'யின் பேரப்பிள்ளைகள்தான். டூப்ளிகேட் என்பது இரண்டாக மடித்தது. ப்ளைவுட்டில் வருகிற 'ப்ளை' பிரெஞ்சு மடிப்பு. அடுக்கடுக்காக ஒட்டின பலகை என்று அந்தப் பெயரே சொல்கிறது.

இனி ஒலி. இந்த இடத்தில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் கடைசியில் கதை எழுதிக்கொண்டு நிற்கிறார்கள்.

தமிழ் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு', 'பல்' அங்கே 'ஹல்லு', 'பத்து' அங்கே 'ஹத்து'. ஒரு சொல்லில் ப என்பது ஹ ஆனால் அது தற்செயலாக இருக்கலாம், பத்துச் சொல்லில் ஆனால் அது விதி. நீங்கள் தேட வேண்டியது இந்த மாதிரி வரிசையைத்தான். 'யெகார்' என்பதும் 'ப்ளெக்கா' என்பதும் காதுக்கு ஒன்றுபோல் இல்லையே என்று யாராவது கேட்டால், ஒற்றுமையைக் காட்டி வாதாடாதீர்கள். அதே லத்தீன் 'ப்ள' தொடக்கம் உள்ள வேறு சொற்களைக் கொண்டுவந்து வையுங்கள். 'நிறைந்த' என்பதற்கு லத்தீன் 'ப்ளேனுஸ்': ஸ்பானிஷில் 'யேனோ', போர்ச்சுகீஸில் 'ஷேயு', இத்தாலியனில் 'பியேனோ', ருமேனியனில் 'ப்ளின்'. 'மழை'க்கு லத்தீன் 'ப்ளுவியா': ஸ்பானிஷில் 'யூவியா', போர்ச்சுகீஸில் 'ஷூவா', இத்தாலியனில் 'பியோஜ்ஜா', ருமேனியனில் 'ப்ளோவாயே'. 'அழு' என்பதற்கு 'ப்ளோராரே': ஸ்பானிஷில் 'யோரார்', போர்ச்சுகீஸில் 'ஷோரார்', பிரெஞ்சில் 'ப்ளரே'. இப்போது 'யெகார், ஷெகார், பியெகாரே, ப்ளெக்கா' வரிசையைத் திரும்பப் பாருங்கள். ஸ்பானிஷில் ய, போர்ச்சுகீஸில் ஷ, இத்தாலியனில் பிய, ருமேனியனிலும் பிரெஞ்சிலும் கட்டலானிலும் 'ப்ள' மாறாமல். இம்மியும் பிசகவில்லை. (ஸ்பானிஷில் இந்த ஒலியை இரட்டை எல் போட்டு எழுதுவார்கள், முன்பு 'ல்ய' என்று ஒலித்தது, இன்று பெரும்பாலான இடங்களில் வெறும் 'ய'.)

தொடக்கம் ஒத்துப்போனால் போதாது, உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஒலிக்கும் கணக்குக் காட்ட வேண்டும். லத்தீனில் குறில் 'இ', பிள்ளைகளில் 'எ'. 'முடி'க்கு லத்தீன் 'பிலுஸ்', ஸ்பானிஷிலும் இத்தாலியனிலும் 'பெலோ'. சரியாகிவிட்டது. அடுத்து நடுவில் இருக்கிற 'க்க'. ஸ்பானிஷ், போர்ச்சுகீஸ், கட்டலானில் அது மென்மையான 'க' ஆகிவிட்டது, ருமேனியனில் மட்டும் அழுத்தமாகவே நிற்கிறது. லத்தீன் 'அமீக்குஸ்' (நண்பன்) ஸ்பானிஷில் 'அமீகோ' ஆனதும் இதே விதிதான். இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட வல்லினம் இளகிவிடுகிறது. 'பகல்', 'அகம்' என்று சொல்லும்போது நம் வாய் தினமும் செய்கிற வேலை இது, அதனால் தமிழ் பேசுகிறவருக்கு இந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. பிரெஞ்சு இன்னும் ஒரு படி மேலே போய் இளகினதை விழுங்கியேவிட்டது: நண்பன் அங்கே வெறும் 'அமி', மடிப்பது வெறும் 'ப்ளியே'.

இந்த இளகல் எங்கே நடந்தது, எங்கே நடக்கவில்லை என்பதற்கு வரைபடத்தில் ஒரு கோடே போட்டிருக்கிறார்கள், வட இத்தாலியில் லா ஸ்பெத்ஸியாவிலிருந்து ரிமினி வரை. கோட்டுக்கு மேற்கிலும் வடக்கிலும் இளகியது, தெற்கிலும் கிழக்கிலும் பெரும்பாலும் இளகவில்லை. எழுத்து இத்தாலியன் பிறந்த தஸ்கனி கோட்டுக்கு ஒட்டியே கீழே இருக்கிறது, அதனால் அங்கே இரண்டும் கலந்து கிடக்கும்: 'அமீக்கோ' என்பதில் அழுத்தம், 'பியெகாரே' என்பதில் மென்மை. இத்தாலியனில் இப்படி வந்தால் பயப்படாதீர்கள், ஒதுக்கியும் விடாதீர்கள், குறித்து வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

ஒரு எச்சரிக்கை. விதி முன்னோக்கி நன்றாக ஓடும், பின்னோக்கி ஓடும்போது கதவுகள் பெருகிவிடும். ஸ்பானிஷில் ஒரு சொல் அந்த இரட்டை எல்லில் தொடங்கினால் அதன் மூலம் 'ப்ள' என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 'யாவே' (சாவி) வந்தது 'க்ளாவிஸ்' என்பதிலிருந்து. 'யாமா' (தீச்சுடர்) வந்தது 'ஃப்ளாம்மா'விலிருந்து. மூன்று வேறு தொடக்கங்கள் ஒரே ஒலியில் வந்து விழுந்திருக்கின்றன. அப்போது பக்கத்து மொழிதான் கைகொடுக்கும்: சாவிக்குப் பிரெஞ்சில் 'க்ளே', சுடருக்கு 'ஃப்ளாம்', விடை அங்கேயே இருக்கிறது. அதே மாதிரி, ஒலியும் பொருளும் அழகாக ஒத்துப்போகிற ஜோடியையும் நம்பிவிடக் கூடாது. ஸ்பானிஷ் 'முச்சோ'வும் ஆங்கில 'மச்'சும் இரண்டுமே 'நிறைய' என்றுதான் சொல்கின்றன, இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. முதலாவது லத்தீன் 'முல்துஸ்' வழி, இரண்டாவது ஜெர்மானிய வழி.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பொருளுக்கு வர வேண்டும். மடிப்பது என்பது எப்படி வருவதாகவும் போவதாகவும் ஆனது?

புத்தகங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிற விளக்கம் ஒன்று இருக்கிறது. ஸ்பெயின் பக்கம் கடல் வழி வந்தவர்கள் துறைமுகத்தை அடைந்ததும் கப்பலின் பாயை மடித்தார்கள், அதனால் மடிப்பது வந்து சேர்வது ஆனது. டேசியா பக்கம், அதாவது இன்றைய ருமேனியாவில், ரோமப் படைவீரர்கள் முகாமைக் கலைக்கும்போது கூடாரத்தை மடித்தார்கள், அதனால் மடிப்பது கிளம்புவது ஆனது. கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்கிறது இல்லையா? எனக்கும் வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் இப்படி ரொம்ப அழகாக இருக்கிற விளக்கம் கிடைக்கும்போது நீங்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: அந்தப் பொருளில் அந்தச் சொல் உண்மையில் எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தைத் தேடுவது. சொற்பிறப்பில் கதை சாட்சி ஆகாது, வாக்கியம்தான் சாட்சி.

நம் அதிர்ஷ்டம், வாக்கியம் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் எகெரியா என்ற பெண் மேற்கிலிருந்து கிளம்பிப் புனித பூமிக்குப் பயணம் போய், தான் கண்டதையெல்லாம் தன் சகோதரிகளுக்கு எழுதினார். அந்த எழுத்தின் கைப்பிரதி 1884இல் இத்தாலியின் அரெத்ஸோ நகரில் கிடைத்தது. தொடக்கமும் முடிவும் இல்லாத பிரதி. இலக்கிய லத்தீன் இல்லை, பேச்சு வாடை அடிக்கிற லத்தீன், அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு அது புதையல். அதில் சினாய் மலையை நெருங்குவதைச் சொல்லும்போது அவர் எடுக்கிற சொல் 'ப்ளிக்காரே'தான், 'எங்களை மலையோடு மடித்தோம்' என்பது போன்ற அமைப்பில். பாலைவனத்தில், மலையடிவாரத்தில், கப்பலும் இல்லை, பாயும் இல்லை. அதாவது அப்போதே அந்தச் சொல் 'நெருங்கு' என்ற பொருளுக்கு வந்துவிட்டிருக்கிறது.

பாய் இல்லாமல் எப்படி வந்தது என்றால், இதன் கூட்டுச் சொல்லைப் பாருங்கள். 'அப்ளிக்காரே' என்றால் ஒன்றை இன்னொன்றோடு ஒட்டுவது, சேர்ப்பது. பழைய லத்தீனிலேயே கப்பலைக் கரையோடு சேர்ப்பதற்கு இந்தச் சொல்லைச் சொல்வார்கள். ஒன்றை ஒன்றோடு சேர்ப்பது, ஒரு இடத்தைப் போய்ச் சேர்வது. தமிழில் இதை விளக்கவே வேண்டியதில்லை! 'சேர்' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு நாம் பொருளையும் சேர்க்கிறோம், ஊருக்கும் போய்ச் சேர்கிறோம். இது தற்செயலான ஒற்றுமை மட்டும் இல்லை, ரொமான்ஸ் மொழிகளுக்குள்ளேயே இந்தத் தடம் மறுபடி மறுபடி தென்படுகிறது: மேலே தவறான விடையாக வந்ததே ருமேனியன் 'அஜுஞ்ஜே', அதன் லத்தீன் மூலத்துக்கும் 'சேர்த்துக் கட்டு' என்றுதான் பொருள், இத்தாலியனில் வந்து சேர்வதைச் சொல்கிற 'ஜுஞ்ஜெரே'யும் அதே குடும்பம். ஒரு பொருள் மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறது என்று காட்ட முடிந்தால் உங்கள் விளக்கம் பல மடங்கு உறுதியாகிவிடும். எனக்குப் பாய்க் கதையைவிட இந்தச் சேர்கிற கதைதான் உண்மைக்குப் பக்கமாகப் படுகிறது. கடல் இதில் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. கப்பலைக் கரை சேர்ப்பதிலிருந்து தொடங்கியிருக்கலாம், ஆனால் பாயை மடித்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது.

பிரெஞ்சு 'அரிவே'யையும் விட்டுவிடக் கூடாது. அதற்குள் 'ரிப்பா' இருக்கிறது, லத்தீனில் கரை. கரை சேர்வது என்று நாம் சொல்வதை அப்படியே ஒரு சொல்லாக அடைத்து வைத்தது போல. அதன் மூல வடிவம் 'அர்ரிப்பாரே' என்று அகராதிகளில் ஒரு நட்சத்திரக் குறியோடு இருக்கும். அந்தக் குறியைப் பார்த்தால் புரிந்துகொள்ளுங்கள், அந்த வடிவம் எந்தப் பழைய எழுத்திலும் கிடைக்கவில்லை, பிள்ளைகளை வைத்துக் கணக்கிட்டு எடுத்தது. உங்கள் நோட்டிலும் அந்த நட்சத்திரத்தை மறக்காமல் போடுங்கள். ஊகமும் சான்றும் ஒரே மையில் கலந்துவிட்டால் ஆறு மாதம் கழித்து எது எது என்று உங்களுக்கே தெரியாது.

இப்போது கிழக்குப் பக்கம். டேசியா ரோமின் கையில் இருந்தது 106இலிருந்து 270கள் வரைதான், படை நிறைந்த எல்லைப் பகுதி, அதனால் கூடார விளக்கம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எகெரியாவின் வாக்கியத்துக்குச் சமமாக அதை வைக்காதீர்கள், நோட்டில் 'ஊகம்' என்று எழுதி வையுங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு ஒன்று: ருமேனியனில் பழைய மடிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. தலையைத் தாழ்த்துவதற்கும் இதே வினைதான், குனிந்து வணங்குவதற்குப் பெயர்ச்சொல் 'ப்ளெக்கச்சூனே'. குனிந்த தலையை வாள் வெட்டாது என்று அவர்களிடம் ஒரு பழமொழி உண்டு, அதில் 'குனிந்த' என்று வருகிற சொல்லும் இதுவே. ஆக கிளம்புவது என்ற பொருள் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது, அடியில் மடிப்பு அப்படியே கிடக்கிறது. ஒரு சொல்லின் இன்றைய முதல் பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான். மூன்றாவது, நான்காவது பொருளில், பழமொழியில், மரபுத்தொடரில்தான் பழையது ஒளிந்திருக்கும்.

கட்டலான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அங்கே 'ப்ளெகா' என்றால் துணியையும் காகிதத்தையும் மடிப்பது, கூடவே அன்றைய வேலையை முடித்துக்கொண்டு கிளம்புவதும். கடையைக் கட்டுவது என்று நாம் சொல்கிறோமே, அதேதான். பொருட்களை மடித்து வைக்கிறோம், அன்றைக்கு முடிந்தது. கட்டலான் ஸ்பானிஷுக்குப் பக்கத்து வீடு, ஆனால் பொருள் ருமேனியனை நோக்கிச் சாய்கிறது. ஒருவர் கண்ணில் மடிப்பது பயணத்தின் முடிவு, இன்னொருவர் கண்ணில் தங்கலின் முடிவு. இதைப் பார்த்த பிறகுதான் கூடார விளக்கத்தையும் நான் முழுசாகத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

கையைப் பழக்க ஒரு சொல் தருகிறேன். நெருப்புக்கு ஸ்பானிஷில் 'ஃபுவேகோ', இத்தாலியனில் 'ஃபுவோக்கோ', பிரெஞ்சில் 'ஃப', போர்ச்சுகீஸில் 'ஃபோகு', கட்டலானிலும் ருமேனியனிலும் 'ஃபோக்'. லத்தீன் மூலம் 'ஃபோக்குஸ்', ஆனால் லத்தீனில் அதற்குப் பொருள் நெருப்பு இல்லை, அடுப்படி, கணப்பு. நெருப்புக்கு அங்கே 'இக்னிஸ்' என்று தனிச் சொல் இருந்தது, அது பேச்சில் செத்துப்போய் அடுப்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1604இல் வானியலாளர் கெப்ளர் தன் ஒளியியல் நூலில் கதிர்கள் குவியும் புள்ளிக்கு இதே லத்தீன் சொல்லை எடுத்துப் பெயர் வைத்தார், கேமராவில் நாம் சொல்கிற ஃபோகஸ் அந்த ஏட்டு வழி வந்தது. இதன் நடுவில் வருகிற 'க்க' எங்கே இளகியிருக்கிறது, எங்கே நிற்கிறது, எங்கே காணாமல் போயிருக்கிறது என்று மேலே சொன்ன விதிகளோடு வைத்துப் பாருங்கள். அடுத்ததாக அந்த 'ஓ' ஸ்பானிஷில் 'உவே' ஆகியிருக்கிறதே, அதற்கு வரிசை வேண்டும். அதற்கு 'விளையாட்டு' என்ற சொல்லை எடுங்கள்: ஸ்பானிஷில் 'ஹுவேகோ', பிரெஞ்சில் 'ழ', போர்ச்சுகீஸில் 'ஜோகு', கட்டலானிலும் ருமேனியனிலும் 'ஜோக்'. லத்தீன் மூலம் 'யோக்குஸ்'. அதன் பழைய பொருள் என்னவாக இருந்தது என்று தேடும்போது ஆங்கில 'ஜோக்'கையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தத் தடவை அந்த ஒற்றுமை நிஜம்.